அண்ணனுக்கும் டாக்டருக்கும் நடுவில் நான்

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் சாயங்காலம் நானும் அண்ணனும் ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டிருந்தோம். டாக்டர் வெளியே வந்து நேராக அண்ணனிடம்தான் போனார். வீட்டுக்கு மூத்த ஆம்பளை என்று பார்த்ததுமே தெரிகிற உருவம் அவனுக்கு. அண்ணன் காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டியதும் டாக்டர் அப்படியே என் பக்கம் திரும்பிவிட்டார், அதற்குப் பிறகு அவனை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. கிட்னி ரெண்டும் வேலை செய்யல, இருதயமும் பலவீனமா இருக்கு, இனி டயாலிசிஸ் தாங்காது, ரெண்டு நாளோ மூணு நாளோ, சொந்தக்காரங்களுக்குச் சொல்லி வச்சிருங்கம்மா என்று ஐந்து நிமிடம் பொறுமையாகத்தான் பேசினார். அண்ணன் அவர் வாயையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் உள்ளே போனதும் என் தோளைத் தட்டி, "என்ன சொன்னார்?" என்று கேட்டான்.

"மருந்து கொடுக்கிறார்கள், பார்க்கலாம்" என்று கையைக் காட்டினேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மறுநாள் காலையில் அவன் கடைக்குப் போய்விட்டான். டவுனில் ஒரு தையல் கடையில் கட்டிங் மாஸ்டர் அவன், தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருந்தது, துணி மலைபோல் குவிந்து கிடந்தது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பித்தான் போனான். பதினொரு மணிக்கு அப்பா போய்விட்டார்கள். அண்ணன் வந்து சேர்ந்தபோது துணியைப் போர்த்தி ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு அவன் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். "உனக்கு முதல் நாளே தெரியும்தானே?" என்றான். ஆமாம் என்றேன். "டாக்டர் எனக்குச் சொல்லத்தான் வந்தார். அது எனக்கு வர வேண்டிய சேதி. நீ வாங்கி வைத்துக்கொண்டாய்" என்றான். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் மெதுவாக, ஒவ்வொரு சைகையையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னான், சின்ன வயதில் எனக்கு அந்த மொழியைக் கற்றுக்கொடுத்தபோது காட்டின மாதிரியே.

இது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. எழுதட்டுமா என்று இப்போதுதான் கேட்டேன். "என் பேரைப் போடாதே, மற்ற எல்லாவற்றையும் எழுது, சுருக்காதே" என்றான். அவன் கையால் சொன்னதை நான் எழுத்துத் தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான் என் பங்கு.

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில். அண்ணன் பிறந்து ஒன்றரை வயது வரைக்கும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கோயில் கொடையில் வேட்டுப் போட்டபோது மற்ற பிள்ளைகள் எல்லாம் வீறிட்டு அழ இவன் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தானாம், ஆச்சிக்கு அப்போதுதான் சந்தேகம் வந்திருக்கிறது. அப்புறம் நேர்ச்சை, மந்திரித்தல், வெள்ளித் தகட்டில் நாக்கு செய்து உண்டியலில் போடுவது, நாக்கில் தேனும் வசம்பும் தடவுவது என்று எல்லாம் நடந்தது. கோளாறு காதில், எல்லோரும் வைத்தியம் பார்த்ததோ நாக்குக்கு. ஐந்து வயதாகியும் அவனுக்கு அம்மாவுக்கு ஒரு சைகை, அப்பாவுக்கு ஒரு சைகை, சோறு, தண்ணி, பசுமாடு, அடி என்று மொத்தம் இருபது இருபத்தைந்து வீட்டுச் சைகைகள்தான் தெரியும். ஏன், எப்போது, நாளைக்கு, நேற்று, பொய், ஒருவேளை, இதற்கெல்லாம் ஒன்றுமே கிடையாது. "நாளைக்கு வாங்கித் தருகிறேன்" என்று அவனிடம் சொல்ல முடியாததால் கடைத்தெருவில் அவன் புரண்டு அழுவானாம், பிடிவாதக்காரன் என்று ஊரில் பேர் வாங்கியிருக்கிறான். நாளை என்று ஒன்று உண்டு என்பதே அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சை அடைக்கிறது.

காதுகேளாத பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காது கேட்கிற அப்பா அம்மாவுக்குப் பிறப்பவர்கள். அதனால்தான் இந்தச் சைகை மொழி மற்ற மொழிகளைப் போலத் தாய்மடியில் வருவதில்லை. எந்தப் பிள்ளைக்கும் முதல் சில வருஷங்களில் ஏதோ ஒரு மொழி முழுதாகக் கிடைத்தாக வேண்டும், அது காது வழியாக வந்தாலும் சரி, கண் வழியாக வந்தாலும் சரி. அந்த வயதைத் தவறவிட்டால் பிறகு எதைப் படித்தாலும் அடித்தளம் ஆட்டம் காண்கிறது. இப்போது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காதுக்குள் கேட்கும் கருவி பொருத்துகிற காக்ளியர் இம்பிளான்ட் அறுவை செய்கிறார்கள், அது நல்ல விஷயம், நான் அதற்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் கருவி வைத்தாயிற்று, இனி கையைக் காட்டாதே, காட்டினால் பேச்சு வராது என்று அதே பிள்ளையின் கையைப் பிடித்து வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது. கருவி பழுதாகும், பேட்டரி தீரும், குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றி வைக்க வேண்டும். கழற்றி வைத்த நேரத்திலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு மொழி வேண்டாமா?

அண்ணனுக்கு மொழி கிடைத்தது பாளையங்கோட்டையில். காதுகேளாத பிள்ளைகளுக்காகப் பாளையில் 1890களிலேயே பள்ளி வந்துவிட்டது, பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனரி அம்மா தொடங்கி வைத்தது, இன்றைக்கும் அவர் பெயரில் நடக்கிறது. அதனால் நம்ம பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகக் கையால் பேசுகிறவர்களின் ஒரு கூட்டம் இருந்துகொண்டே வந்திருக்கிறது. ஏழு வயதில் அண்ணனைக் கொண்டுபோய் விடுதியில் விட்டார்கள். முதல் லீவுக்கு வந்தவன் வேறு ஆளாக வந்தான். பெரிய பையன்களிடம் பழகியதில் கை நிறைய மொழி. என்னவெல்லாமோ சொல்கிறான், கேள்வி மேல் கேள்வி கேட்கிறான், வீட்டில் ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. அம்மா அடுக்களைக்குள் போய் அழுதாள். அடுத்தடுத்த லீவுகளில் அவன் சொல்லச் சொல்ல நான் கற்றுக்கொண்டேன், எனக்கு அப்போது நாலைந்து வயது, பேச்சுத் தமிழோடு சேர்ந்தே இதுவும் வந்துவிட்டது. எனக்கு அவன் வைத்த சைகைப் பெயர் ரெட்டைச் சடை, இரண்டு கையாலும் சடையைப் பிடித்துக் கீழே இழுக்கிற மாதிரி. முடியை வெட்டி வருஷக்கணக்காகிறது, அவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் நான் இன்னமும் ரெட்டைச் சடைதான்.

அன்றிலிருந்து நான்தான் அவனுடைய வாய். கொஞ்ச நாளில் காதும் ஆனேன். ரேஷன் கடை, பேங்கு, பொண்ணு பார்த்த இடம், கடை முதலாளியிடம் சம்பளப் பேச்சு, எல்லா இடத்திலும் நடுவில் நான். பத்து வயசுப் பிள்ளையாக இருந்தபோதே பெரியவர்கள் பேசுகிற கடன் சமாச்சாரத்தையெல்லாம் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். "தங்கச்சி இருக்கா, அவனுக்கு என்ன கொறச்சல்" என்று ஊரே பாராட்டும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையில்தான் கோளாறே இருந்தது என்பது அப்பா போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் சொன்னதையெல்லாம் யோசித்துப் பார்க்கிறேன். கல்யாண வீட்டில் நாற்பது பேர் உட்கார்ந்து பேசிச் சிரிப்பார்கள், அவன் என் தோளைத் தட்டி என்னவென்று கேட்பான், நான் "ஒன்றுமில்லை" என்பேன். சொத்துப் பேச்சு காரசாரமாகப் போகும், "அப்புறம் சொல்கிறேன்" என்பேன். அப்புறம் வரவே வராது. என் கைகள் அவனிடம் மிக அதிகமாகக் காட்டிய சைகைகள் இந்த இரண்டாகத்தான் இருக்கும். காதுகேளாதவர்கள் உள்ள எந்த வீட்டில் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

போன செப்டம்பரில் பாளையில் ஒரு மண்டபத்தில் இவர்கள் கூட்டம் நடந்தது. செப்டம்பர் 23 சர்வதேச சைகை மொழிகள் தினம். 1951இல் அதே தேதியில்தான் ரோம் நகரில் உலகக் காதுகேளாதோர் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது, ஐ.நா. அந்த நாளை அறிவித்து 2018 முதல் கொண்டாடுகிறார்கள். நான் சும்மா கூடப் போனேன், வழக்கம்போல நான்தான் மேடையில் நின்று பேச வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் சென்னையிலிருந்து பயிற்சி பெற்ற ஒரு இன்டர்பிரட்டர், சைகை மொழிபெயர்ப்பாளர், வந்திருந்தார். அண்ணன் மேடை ஏறினான். அந்த மனிதர் முன்வரிசையில் உட்கார்ந்து, மைக்கைப் பிடித்து, "நான் முப்பது வருஷமா திருநெல்வேலியில இருக்கேன்" என்று ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "அண்ணன் என்ன சொல்லுதான்னா", "அவனுக்கு வலிக்காம்", "அவனுக்கு வேண்டாமாம்" என்றுதான் சொல்வேன். அவர் "நான்" என்றார். அது அவர்கள் தொழில் ஒழுங்கு என்று பிறகு தெரிந்துகொண்டேன். பேசுகிறவர் இடத்தில் நின்று தன்மையில் சொல்ல வேண்டும், கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, கேட்ட ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது, புத்திமதி சொல்லக்கூடாது. நான் இந்த எல்லா விதிகளையும் இருபத்தைந்து வருஷமாகத் தினமும் மீறியிருக்கிறேன், அன்பினால்தான் என்றாலும்.

அந்த மேடையில் அண்ணன் சொன்னதை அப்படியே தருகிறேன். "எனக்கு எல்லோரும் சுருக்கமாகத்தான் சொல்கிறார்கள். செய்தி சுருக்கம், டாக்டர் சொன்னது சுருக்கம், அப்பா சாகப்போகிறார் என்பதும் சுருக்கம். என் தங்கச்சி நல்லவள். ஆனால் என் உரிமை அவளுக்கு லீவு கிடைக்கிறதா என்பதைப் பொறுத்து இருக்கக்கூடாது." மண்டபத்தில் நூறு நூற்றைம்பது பேர் இருந்திருப்பார்கள். எல்லோருடைய கைகளும் மேலே போய் ஆடின, இவர்கள் கைதட்டல் அப்படித்தான். எனக்குக் கண் நிறைந்து எதுவும் சரியாகத் தெரியவில்லை.

அவன் சொன்ன அந்தக் கடைசி வரியைத்தான் இந்த நாடு முழுக்க இவர்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அகில இந்தியக் காதுகேளாதோர் கூட்டமைப்பு 1955லேயே வந்துவிட்டது. 2005இல் தொடங்கிய தேசியக் காதுகேளாதோர் சங்கம்தான் சமீபத்தில் பல விஷயங்களில் முன்னால் நிற்கிறது. டிரைவிங் லைசென்ஸ் கதையைச் சொல்கிறேன். காது கேட்காது என்றால் லைசென்ஸ் கிடையாது என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்தச் சங்கம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஓட்டிக் காட்டட்டும், தேர்வில் தேறினால் கொடுக்கத்தான் வேண்டும் என்று 2011இல் வழி பிறந்தது. அண்ணன் அந்தத் தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தான். வண்டியைக் கண்ணால் பார்த்துத்தான் ஓட்டுகிறோம், கண்ணாடியை அவனளவுக்குக் கவனிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

சைகை மொழிக்கென்று ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் வந்ததும் போராடித்தான். முதலில் 2011இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவுக்குள் ஒன்றைத் தொடங்கினார்கள், இரண்டு வருஷத்தில் மூடிவிட்டார்கள், செவித்திறன் குறைபாட்டுக்கான வேறொரு நிறுவனத்தோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு வந்தது. காதுகேளாதவர்கள் தெருவுக்கு வந்தார்கள். எங்களுக்குச் செவிப்பரிசோதனைக்கூடம் வேண்டாம், மொழிக்கு ஒரு வீடு வேண்டும் என்பதுதான் அவர்கள் வாதம். 2015இல் டெல்லியில் தனி நிறுவனமாகவே இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் வந்தது. அவர்கள் 2018இல் 3,000 சொற்களோடு அகராதி போட்டார்கள், 2019இல் 6,000, 2021இல் 10,000 ஆயிற்று. எல்லாம் வீடியோ. கடையில் மிஷினை நிறுத்திவிட்டு அண்ணனும் அவன் சிநேகிதர்களும் போனில் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சில சைகைகளுக்குத் தலையாட்டுவார்கள், சிலவற்றுக்கு "இது டெல்லிச் சைகை, நம்முடையது வேறு" என்று சண்டை போடுவார்கள். எனக்கு அந்தச் சண்டை பிடிக்கும். நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் இல்லையா, அதைப்போலத்தான். பொதுவாக ஒன்று வேண்டும் என்பதற்காக ஊர்ச் சைகைகளை அழித்துவிடக்கூடாது என்பது என் கட்சி.

சைகை மொழி என்றால் தமிழைக் கையால் எழுதிக்காட்டுவது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை. இதற்குத் தனி இலக்கணம் உண்டு. கேள்விச் சொல் கடைசியில் வரும், புருவமும் தலையசைவும்கூட இலக்கணத்தில் சேர்த்தி. விரலால் எழுத்துக் காட்டுவது வேறு, அது பேர், ஊர் சொல்லத்தான். ஒரே வாக்கியத்தில் இடது கையை மரமாக நிறுத்தி வலது கையால் வண்டியைக் கொண்டுபோய் அதில் மோதி, முகத்தில் ஓட்டுநரின் பயத்தையும் காட்டிவிடுவான் அண்ணன், அதை வாயால் சொல்ல எனக்கு நாலு வாக்கியம் வேண்டும்.

2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைத் தமிழில் வாங்கி அண்ணனுக்கு உட்கார்ந்து முழுக்கச் சொன்னேன், இந்தத்தரம் சுருக்காமல். தகவல் தொடர்பு என்றால் என்ன என்ற விளக்கத்திலேயே சைகை மொழி இருக்கிறது. சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று இருக்கிறது, தொலைக்காட்சியில் சைகை மொழியோ எழுத்தோ வேண்டும் என்று இருக்கிறது, அரசு வேலையில் 4 சதவீதத்தில் 1 சதவீதம் காதுகேளாதவர்களுக்கு என்று இருக்கிறது. எல்லாம் கேட்டுவிட்டு அவன், "இதில் ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் பக்கத்தில் நிற்கிற ஆள் எங்கே?" என்றான். நல்ல கேள்வி. சட்டத்தில் மொழி இருக்கிறது, அதைப் பேசுகிற ஆளை மாவட்டம்தோறும் சம்பளம் கொடுத்து உட்காரவைக்கிற ஏற்பாடுதான் இல்லை. சாட்சி சொல்லப்போகிற இடத்தில் இன்டர்பிரட்டர் வைத்து வீடியோ எடுக்க வேண்டும் என்று 2013லேயே சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு பெண் தனக்கு நடந்த கொடுமையைச் சொல்ல வரும்போது ஆள் கிடைக்காமல் மறுநாள் வா என்றால் அவள் என்ன செய்வாள்? வீட்டு ஆளே நடுவில் நின்றால், கொடுமை செய்தவன் அந்த வீட்டு ஆளாகவே இருந்தால்?

2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காதுகேளாத வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் இன்டர்பிரட்டர் உதவியோடு வாதாடினார். அந்த வீடியோத் துணுக்கை அண்ணன் எத்தனை தரம் பார்த்தான் என்று கணக்கில்லை. அவன் பிள்ளைகளுக்குக் காட்டினான், கடை முதலாளிக்குக் காட்டினான், டீக்கடை அண்ணாச்சிக்கும் காட்டினான். மதுரைப் பொண்ணு ஜெர்லின் அனிகா காதுகேளாதோருக்கான ஒலிம்பிக்ஸான டெஃப்லிம்பிக்ஸ் பேட்மின்டனில் மூன்று தங்கம் வாங்கினபோதுகூட இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. விளையாட்டுக்கு வாய் வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிடலாம், வக்கீலுக்கு வாய்தானே முதல் என்று நினைக்கிற ஊரில் இது வேறு சேதி என்றான்.

இவர்களுடைய பெரிய கோரிக்கை, இந்திய சைகை மொழியை ஆட்சிமொழிகளில் ஒன்றாக ஏற்க வேண்டும் என்பது. அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன, இதை 23ஆவதாகச் சேருங்கள் என்கிறார்கள். எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று உடனே கேட்பார்கள். 2011 கணக்கெடுப்பில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கு மேல். அத்தனை பேரும் சைகை மொழிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை, வயதான பிறகு காது மங்கியவர்களும் அதில் இருப்பார்கள். ஆனால் அதே கணக்கெடுப்பில் சமஸ்கிருதத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 24,821 பேர், அது அட்டவணையில் இருக்கிறது. ஆகவே தலையை எண்ணி முடிவு செய்கிற காரியம் இது இல்லை. தென்னாப்பிரிக்கா 2023இல் தன் சைகை மொழியை 12ஆவது ஆட்சிமொழியாக ஏற்றுக்கொண்டது, நியூசிலாந்து 2006லேயே ஏற்றுக்கொண்டது. 1965இல் மொழிக்காகத் தீக்குளித்தவர்களின் நாடு நம்முடையது. தன் மொழியில் பேசமுடியாமல் போவது என்ன வேதனை என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லையே. இந்தக் கோரிக்கைக்கு இந்தியாவிலேயே முதல் குரல் தமிழ்நாட்டிலிருந்து அல்லவா போக வேண்டும்!

பள்ளிக்கூட விஷயம் தனிப் பதிவாக எழுத வேண்டும், கொஞ்சம் மட்டும். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காதுகேளாதோர் கல்வி மாநாடு என்று ஒன்று கூடி, இனிப் பள்ளியில் பேச்சு முறைதான், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். வந்தவர்களில் காதுகேளாதவர் ஒரே ஒருவர். அதன் நிழல் உலகம் முழுக்க நூறு வருஷத்துக்கு மேல் விழுந்தது, நம் நாட்டிலும் எத்தனையோ பிள்ளைகள் கையைக் கட்டி உட்கார்ந்து வாத்தியார் உதட்டைப் பார்த்துப் படித்தார்கள். 2010இல் வான்கூவர் மாநாட்டில்தான் அதற்கு வருத்தம் தெரிவித்தார்கள். நம்மிடம் 2020 கல்விக்கொள்கையில் சைகை மொழிக்கு இடம் வந்தது, 2021 முதல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அதை ஒரு மொழிப்பாடமாகவே எடுக்கலாம். அண்ணன் படித்தபோது இவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு கொடுத்திருந்தார்கள், சலுகை என்று. அந்த இடத்தில் இவர்கள் மொழியையே பாடமாக வைத்திருக்கலாம் என்று அவன் இப்போது சொல்கிறான்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நம்ம பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். 17, 18ஆம் தேதிகள். அண்ணன் குடும்பம் அப்போது திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஆற்றோரத் தெருவில் வாடகைக்கு இருந்தது. மைனிக்கும், அதாவது அண்ணிக்கும், காது கேட்காது. தாமிரபரணியில் தண்ணி ஏறுது, வெளியேறுங்க என்று தெருவில் மைக்கில் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்கள், இவர்கள் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோய், பிறகு ஞாபகம் வந்து ஜன்னல் வழியாக டார்ச் அடித்து அண்ணன் முகத்தில் வெளிச்சத்தைக் காட்டி எழுப்பியிருக்கிறார். கரண்டு இல்லை. இருட்டில் இவர்களுக்குப் பேச்சே கிடையாது, அதை யாரும் யோசிப்பதில்லை. முழங்காலளவு தண்ணியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல், மைனியின் உள்ளங்கையில் விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போனானாம். எனக்கு டவரும் இல்லை, இரண்டு நாள் அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாமல் கிடந்தேன். போனில் ஒரு குறுஞ்செய்தி, தெருவில் ஒரு மினுங்கு விளக்கு, முகாமில் சைகை தெரிந்த ஒரே ஒரு ஆள், இதற்கெல்லாம் என்ன பெரிய செலவு ஆகிவிடும் என்று எனக்குத் தெரியவில்லை. "நடுராத்திரியில் எனக்கு நெஞ்சு வலித்தால் 108க்கு நான் எப்படிச் சொல்வேன்?" என்று அதற்குப் பிறகு அவன் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறான்.

பாளையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு ஊமைத்துரை ஞாபகம் வரும். கட்டபொம்மனின் தம்பி, குமாரசாமி என்பது இயற்பெயர். பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்து வைத்திருந்த அவரை 1801 பிப்ரவரியில் ஆட்கள் வந்து மீட்டுக்கொண்டு போனார்கள். எதிர்ப்பக்கம் நின்று சண்டை போட்ட கர்னல் வெல்ஷ் என்ற வெள்ளைக்காரரே அவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். நாலைந்து வைக்கோல் துண்டுகளை இடது உள்ளங்கையில் அடுக்கி, இதுதான் ஆங்கிலேயப் படை என்று காட்டி, மறு கையால் அவற்றை வழித்துத் தள்ளி, வாயால் ஒரு சீறல் ஒலி எழுப்புவாராம். அதுதான் தாக்குவதற்கு உத்தரவு. பார்த்தவர்கள் ஓடிப்போய் நிறைவேற்றுவார்களாம். ஒரு படையே அந்த மனிதரின் கையைப் பார்த்துப் படித்திருக்கிறது. உன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வா என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னது புரிய வேண்டியது தங்கள் பொறுப்பு என்று பாஞ்சாலங்குறிச்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கதையை அண்ணனுக்கு முதல்தரம் சொன்னபோது வைக்கோல் வழிக்கிற சைகையை அவன் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தான். இப்போது அவன் கூட்டாளிகள் நடுவில் அதுதான் ஊமைத்துரையின் சைகைப் பெயர். வாயால் சொல்கிற பெயரில் அவரிடம் இல்லாததைச் சொல்கிறோம், இவர்கள் வைத்த பெயரில் அவர் செய்தது இருக்கிறது.

மாற்றுத்திறனாளி இயக்கங்களில் உலகமெங்கும் சொல்கிற ஒரு வாசகம் உண்டு, எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம் என்று. முன்பெல்லாம் அதை அரசாங்கத்தைப் பார்த்துச் சொல்கிற வாசகம் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் அண்ணனுக்குக் காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. சர்க்கரையாக இருக்குமோ என்று பயம், அப்பாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. கூடப் போனேன். டோக்கன் கூப்பிட்டதும் அவன் என்னைப் பார்த்து, நீ இங்கேயே உட்கார் என்றான். போனில் வீடியோ கால் போட்டு, அந்தச் செப்டம்பர் கூட்டத்துக்கு வந்த இன்டர்பிரட்டரை வரவழைத்து, போனைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். கதவு மூடிக்கொண்டது. இருபது நிமிடம் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே டாக்டர் ஏதோ கேட்கிற சத்தமும் போனுக்குள்ளிருந்து அந்த மனிதர், "எனக்கு ராத்திரியில நாலு தரம் எந்திரிக்க வேண்டியிருக்கு டாக்டர்" என்று சொல்கிற சத்தமும் மட்டும் கேட்டது. எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டேன், அது எனக்கான பேச்சு இல்லை என்று தோன்றியது.

வெளியே வந்தான். பஸ் ஸ்டாப்பில் நின்று, "என்ன சொன்னார்?" என்று கேட்டேன். மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விடுவித்துக்கொண்டு, உள்ளே நுழைந்ததிலிருந்து ஆரம்பித்தான். டாக்டர் எழுந்து நாற்காலியைக் காட்டினது, போனைப் பார்த்துப் பேசாமல் தன் முகத்தைப் பார்த்தே பேசினது, சர்க்கரை எவ்வளவு, என்ன சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது, செருப்பில்லாமல் நடக்கிறாயா என்று கேட்டது, அப்பாவைப் பற்றிக் கேட்டது, அதற்கு இவன் சொன்னது, எதையும் விடவில்லை. எங்கள் ஊர் பஸ் இரண்டு போய்விட்டது. அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான்.